பதினேழாம் நம்பர் வீட்டில் எத்தனை பேர்

தந்தி நகரில் பதினேழாம் நம்பர் வீடு முதல்முதலாகத் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது ஓர் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை, பால் பாக்கெட் போடும் நேரத்துக்கும் குடிதண்ணீர் லாரி வரும் நேரத்துக்கும் நடுவில். அதை முதலில் பார்த்தவர் பதினெட்டாம் நம்பர் குமுதவல்லி. பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், தன் வீட்டுச் சுவரில் போன பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் எங்கேயாவது உரிந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்ததுதான். நாங்கள் அப்படித்தான். வானமே இடிந்து விழுந்தாலும், விழுந்த துண்டு யார் காம்பவுண்டுக்குள் கிடக்கிறது, அதை யார் பெருக்கி அள்ளுவது என்றுதான் எங்கள் காலனியில் முதல் கேள்வி எழும்.

தாம்பரத்துக்குத் தெற்கே ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவில், தந்தி ஆபீஸில் வேலை பார்த்த நாற்பத்திரண்டு பேர் ஒன்றுகூடி, ஒரே மாதிரி வரைபடத்தில், ஒரே மாதிரி மொசைக் தரையோடும் ஒரே மாதிரி பச்சை கேட்டோடும் கட்டிக்கொண்ட நாற்பத்திரண்டு வீடுகள் எங்களுடையவை. ஐம்பது வருஷமாகச் சுற்றிலும் இருந்த காலனிகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாக எழும்பி, பழைய பேர்களையும் மரங்களையும் தொலைத்து நிற்க, எங்களில் ஒரு வீடு இடிபடவில்லை, ஒரு வீடு கைமாறவில்லை, தை பிறப்பதற்கு முன் ஒரு சுவர் கிரீம் கலர் வாங்காமல் இருந்ததில்லை, மொட்டை மாடியில் விரிசல் விட்டால் அடுத்த மழைக்கு முன் பூசாமல் விட்டதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போன் செய்து, "இன்னும் அந்தப் பழைய வீட்டையா கட்டிக்கிட்டு அழறீங்க" என்று கேட்டால், "நாற்பத்திரண்டு" என்று மட்டும் பதில் சொல்வோம். அது எங்களுக்கு மந்திரம் மாதிரி. குறையாத காலனி என்று மற்றவர்கள் எங்களைச் சொன்னார்கள், அதில் பாதி கேலி என்று தெரிந்தும் நாங்கள் முழுசாகவே எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் ஏரி உடைந்தது. காலனி முழுவதுக்குமான மெயின் சுவிட்ச் இருந்த தெருக்கோடி பம்ப் ரூமில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க, தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, சங்கத் தலைவர் ஞானசிகாமணி தன் மொட்டை மாடியில் நின்றபடி பதினேழாம் நம்பர் வீட்டைப் பார்த்து, "சபாபதி, மெயினை அணைச்சிட்டு வந்துடுப்பா" என்று கத்தினார். சபாபதிதான் அப்போது சங்கத்தின் செயலாளர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனைவி மங்கையர்க்கரசியிடம், "கதவைத் தாழ்ப்பாள் போடாத, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாலை நாலு பத்துக்கு நாற்பத்திரண்டு வீட்டு விளக்குகளும் ஒரே நொடியில் அணைந்தன. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

உடல் கிடைக்கவில்லை. பக்கத்துக் காலனிகளில் ஒன்பது பேர், பதினோரு பேர் என்று போயிருக்க, வந்து பார்த்த அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் எங்கள் வீடுகளின் உறுதியைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பாராட்ட, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளம் நின்ற கோட்டின் மேல் எல்லாச் சுவர்களிலும் இரண்டு கோட்டு கிரீம் அடித்து மறைத்தோம். பார்க்கில் ஒரு பளிங்குக் கல் வைத்தோம். தந்திக்காரர்கள் இல்லையா, சொல்லுக்குச் சொல் அளந்து பழக்கப்பட்ட நாங்கள் கல்லிலும் அளந்துதான் எழுதினோம்: "வெள்ளம் வந்தது. ஓர் உயிரும் போகவில்லை."

பதினாறாம் நாள் காலையில் மங்கையர்க்கரசி குளித்து, ஈரத் தலையோடு ஞானசிகாமணி வீட்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கல்லுக்குத் திறப்பு விழா நடத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"சார், இன்னிக்கு ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டார்.

"ஐயையோ, என்னம்மா பேச்சு இது? சபாபதி வருவான்மா. எங்கேயாவது கரை ஒதுங்கி, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில கிடப்பான். நல்லதையே நினை."

"வருவார் மங்கைக்கா" என்று குமுதவல்லியும் சொன்னார். வருவார், வருவார் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அந்தக் காலத்தில் ஊரில் ஒருவர் செத்துப்போனால் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு, "கவலைக்கிடம் உடனே புறப்படவும்" என்று தந்தி கொடுப்பார்கள். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், நடுவில் உட்கார்ந்து தட்டிய எங்களுக்கும் தெரியும். எத்தனையோ ஊர்களுக்கு எத்தனையோ சாவுகளைத் தட்டிச் சொன்ன எங்கள் கைகள், நாலு வீடு தள்ளியிருந்த ஒருத்திக்கு அந்த ஒரு செய்தியைச் சேர்க்கவில்லை. மங்கையர்க்கரசி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டி, பொட்டு வைத்துக்கொண்டு, சமையலைப் பார்த்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. அன்றிலிருந்து அந்த வீட்டில் அழுகைச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை.

சங்கப் பேரேட்டில் பதினேழாம் நம்பருக்கு எதிரே "2" என்றே இருந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் குடிதண்ணீர் லாரி வரும்போது ஆளுக்கு நாலு குடம் என்று லாரிக்காரர் பட்டியலைப் பார்த்துக் கூவுவார்: "பதினேழு! ரெண்டு ஆள்! எட்டுக் குடம்!" மங்கையர்க்கரசி எட்டுக் குடமும் பிடிப்பார். நாலு குடத்தைத் தான் வைத்துக்கொண்டு, மற்ற நாலு குடத்தையும் கேட்டோரத்து நந்தியாவட்டைக்கு ஊற்றுவார். காலனியிலேயே அதிகமாகப் பூத்த செடி அதுதான்.

இனி வீட்டுக்கு வருவோம். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டுப் போட்டு, தெருவிலேயே தாழ்வான மனையில், முன்பு மூன்று படி ஏறிப் போக வேண்டியிருந்த பதினேழாம் நம்பருக்கு மட்டும் இரண்டு படி இறங்கிப் போக வேண்டியதாகிவிட்டது. நாற்பத்திரண்டில் ஒன்று பள்ளத்தில் கிடப்பதா என்று சங்கம் கூடி, ஜாக்கி வைத்து வீடு தூக்கும் சௌந்தரபாண்டி மேஸ்திரியை விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்தோம். அவர் அஸ்திவாரத்தை ஒட்டி நூற்றுத் தொண்ணூறு ஜாக்கிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, விசில் ஊதுவதற்கு முன், கையில் சாக்பீஸோடு வாசலுக்கு வந்தார்.

"உள்ள எத்தன பேர் புழங்குறீக தாயி? ஆள் கனம் பார்த்துத்தான் நான் வீட்ட உக்கார வைக்கணும்."

நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். மங்கையர்க்கரசி எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பினார். நாங்கள் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தோம், கேட்டைப் பார்த்தோம், பார்க்கில் வெயிலில் மின்னிய பளிங்குக் கல்லைப் பார்த்தோம்.

"ரெண்டு பேர்" என்றார்.

"ரெண்டு" என்று மேஸ்திரி முதல் ஜாக்கியின் மேல் எழுதிவிட்டு விசில் ஊதினார். விசிலுக்கு விசில் எல்லா ஜாக்கிகளும் கால் சுற்று திரும்ப, இருபது நாளில் வீடு மூன்றரை அடி ஏறி, அடியில் செங்கல் கட்டி, பூசி, ஜாக்கிகளை உருவிக்கொண்டு அவர் ஊருக்குப் போன மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

முதல் நாள் செங்கலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தபால் கார்டு நுழைந்தது. வாரத்தில் டிபன் பாக்ஸ் நுழைந்தது. தீபாவளி கழிந்து பூனை நுழைந்தது. மார்கழியில் குழந்தைகள் குனிந்து அந்தப் பக்கம் போய் வந்தார்கள், தை மாதம் பெரியவர்கள் குனியாமலே போய் வந்தார்கள். வீடு ஆடவில்லை, சாயவில்லை, ஒரு சுண்ணாம்புத் துகள் உதிரவில்லை. கட்டிய கை அப்படி என்று நாங்கள் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்களுக்கு முதலில் வந்தது பெருமைதான். சங்கம் கூடி, ஒரு மாடிக்கு மேல் எந்த வீடும் உயரக் கூடாது என்ற விதியை எடுத்துப் படித்து, பதினேழாம் நம்பருக்கு மாடியே இல்லை, தரைத்தளம்தான் மேலே இருக்கிறது, ஆகவே விதிமீறல் இல்லை என்று தீர்மானம் போட்டோம். மின்வாரிய லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்து, வயரை இன்னும் பத்து மீட்டர் நீட்டிவிட்டுப் போனார். அந்த வருஷத்தின் சிறந்த பராமரிப்புக் கேடயம் பதினேழாம் நம்பருக்கே என்று முடிவாகி, அதைக் கயிறு கட்டி மேலே அனுப்பினோம். அடியில் கிரீம் கலர் அடிக்காமல் தெரிந்த பகுதிக்கு ஏணி வைத்து இரண்டு கோட்டு அடித்தோம்.

ஏறி இறங்க வழி வேண்டுமே. ஆளுக்கு ஒன்றாக முக்காலி, பெஞ்சு, பழைய தையல் மெஷின் மேஜை, கடைசியில் மாடி ஏணி என்று கொண்டுவந்து அடுக்கினோம். அதுவும் எட்டாமல் போனபோது கிணற்றுக் கப்பியை மாட்டி, கூடையில் காய்கறியும் பாலும் ஏறின. லாரி வரும் நாளில் எட்டுக் குடமும் ஒவ்வொன்றாக ஏறின. மங்கையர்க்கரசி நாலு குடத்தை உள்ளே வைத்துவிட்டு, மற்ற நாலையும் ஜன்னல் வழியே சாய்ப்பார். அது மழைபோல் இறங்கி நந்தியாவட்டையை நனைக்கும். அடியில் நிற்கிறவர்கள் நகர்ந்து நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

"மங்கைக்கா, அங்கேருந்து என்ன தெரியுது?" என்று ஒரு நாள் குமுதவல்லி கழுத்தை வளைத்துக் கேட்டார்.

"ரயில் தெரியுது குமுதா. ஏரி தெரியுது. பம்ப் ரூம்லேருந்து ஏரி எவ்வளவு தூரம்னு தெரியுது." அவர் ஒரு குடத்தை ஜன்னல் வழியே சாய்த்தார். "ரொம்பக் கிட்ட குமுதா. கீழ இருந்தவரைக்கும் தூரம்னு நினைச்சுட்டேன்."

குமுதவல்லி வீட்டுக்குப் போய், ஏரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

மாசியில் வீடு நாளுக்கு ஒரு சாண் ஏற ஆரம்பித்தது. மாசி முடிவதற்குள் அது தென்னை மரத்தில் பாதி உயரத்தில், மெல்ல ஏரிப் பக்கமாக நகர்ந்து, தன் காம்பவுண்டை விட்டு முக்கால்வாசி வெளியே நின்றது. அப்போதுதான் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு வீடு போனால் நாற்பத்தொன்று. தேங்காய் நார்க் கயிறு வாங்கி அதைத் தென்னையில் கட்டினோம். கனம் ஏற்றினால் இறங்கும் என்று ஆட்டுக்கல், அம்மி, ஓடாத கிரைண்டர், நாற்பது வருஷத்துப் பழைய பத்திரிகைக் கட்டு எல்லாம் கப்பி வழியே அனுப்பினோம். வீடு அசைந்து கொடுக்கவில்லை. ஆள் போய் உட்கார்ந்தால் இறங்கியது. உடனே முறை வைத்துப் பட்டியல் போட்டு, காலையில் ஒரு குடும்பம் மாலையில் ஒரு குடும்பம் என்று நூலேணியில் ஏறிப் போய் மங்கையர்க்கரசியின் கூடத்தில் உட்கார்ந்தோம், காபி குடித்தோம், சபாபதி சார் வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பேசினோம். நாங்கள் விடைபெற்று இறங்கியதும் வீடு முன்னைவிட இரண்டு சாண் கூடுதலாக ஏறியது.

கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

சௌந்தரபாண்டி வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலியாகக் கிடந்த அஸ்திவாரத்தை இரண்டு சுற்று சுற்றினார். நாங்கள் நாற்பத்தொரு வீட்டு ஜனமும் தெருவில் நின்றோம்.

"என் வேலையில பழுதில்ல" என்றார். "நான் ரெண்டு ஆள் கனத்துக்கு உக்கார வச்சேன். இப்ப ஒரு ஆள் கனம்தான் இருக்கு. இன்னொரு ஆள் எங்க?"

"வருவார்" என்றோம். ஏழு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேஸ்திரி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எத்தன வருசமா?"

எங்களில் ஒருவர் தென்னையில் கட்டிய முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"வீட்ல இருக்க ஆளுக்குக் கனம் உண்டு. செத்த ஆளுக்கும் உண்டு, அது வீட்ல உள்ளவுக நெஞ்சுல இருக்கும், அதுவும் வீட்டுக் கனந்தான். இன்னிக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு வச்சிருக்கீகளே, அந்த ஆளுக்குத்தான் கனமே கிடையாது." அவர் தலையை உயர்த்தி, "தாயி, கணக்க மாத்திச் சொல்லுங்க. வீடு இறங்கிரும்" என்று கூவினார்.

ஜன்னலில் மங்கையர்க்கரசி தெரிந்தார். அவ்வளவு உயரத்தில் முகம் சிறியதாகத் தெரிந்தாலும் குரல் தெளிவாகக் கேட்டது.

"நான் சொல்ல மாட்டேன் மேஸ்திரி. அந்தக் கணக்கு நான் போட்டதில்ல. பதினாறாம் நாள் இவங்க வாசல்ல போய் நின்னேன். ஒரே ஒரு தடவை நான் அழுதுக்கட்டுமான்னு கேக்கத்தான் போனேன். இவங்க விடல. அவர் என் வேலையா போகல, காலனி வேலையா போனார். காலனிதான் வந்து எனக்குச் சொல்லணும். சொல்ல மனசில்லன்னா கயித்தை அறுத்து விட்டுடுங்க, நான் ஏரிப் பக்கமே போய்க்கிறேன்."

நாங்கள் ஞானசிகாமணியைப் பார்த்தோம். எண்பத்தோரு வயது அவருக்கு. முப்பத்தாறு வருஷம் தந்தி தட்டியவர். அவர் மெதுவாக நடந்து பதினேழாம் நம்பரின் பச்சை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஆள்காட்டி விரல் மட்டும் கேட்டின் இரும்பில் தட்ட ஆரம்பித்தது, கட்டு கடா, கட்டு கட்டு கடா என்று. எங்களில் தந்தி படித்தவர்கள் அதை எழுத்து எழுத்தாகக் கேட்டோம். கேட்டு, ஒவ்வொருவராகத் தலைகுனிந்தோம்.

"எனக்கு அது புரியாது சார்" என்றது மேலிருந்து குரல். "வாயால சொல்லுங்க."

கிழவர் விரலை நிறுத்தினார்.

"சபாபதி செத்துட்டான்மா" என்றார். "அன்னிக்கே செத்துட்டான். நான்தான் அனுப்பினேன். விளக்கு அணைஞ்சதும், எனக்குத் தெரியும்மா, அப்பவே தெரியும். ஒருத்தன் போயிட்டான்னு சொன்னா நம்ம காலனி குறைஞ்சுடும்னு..." கேட்டின் மேலேயே சாய்ந்துகொண்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏழு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் கேட்டது. அது ஜன்னல் வழியே வந்து தெருவை நிறைத்து, நாற்பத்தொரு வீட்டுக்குள்ளும் போய், அடுப்பில் இருந்ததை எல்லாம் அப்படியே நிறுத்தியது. அவர் அழ அழ வீடு இறங்கியது. நார்க் கயிறு தொய்ந்தது. தென்னை மட்டைகளை ஒதுக்கிக்கொண்டு, ஒரு சாண், ஒரு முழம், ஓர் ஆள் உயரம் என்று, அலமாரியில் ஒரு டம்ளர்கூட அதிராமல் வந்து தன் செங்கல் மேல் உட்கார்ந்தது. எங்கள் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடி, அவரைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். கூடத்துச் சுவரில் நாங்கள் அடித்திருந்த இரண்டு கோட்டு கிரீமும் உரிந்து விழுந்து, வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு தெரிந்தது. அதே நேரத்தில் எல்லார் வீட்டிலும் அது தெரிந்தது. இந்த முறை யாரும் பெயிண்ட் டப்பாவைத் தேடிப் போகவில்லை.

பளிங்குக் கல்லுக்குக் கல்தச்சர் வந்தார். புதுக் கல் வேண்டாம், இருப்பதைத் திருத்தினால் போதும் என்றோம். எங்களுக்குத்தான் சிக்கனம் கூடப் பிறந்ததாயிற்றே. சில எழுத்துகளைச் செதுக்கி எடுத்து, சிலவற்றை வெட்டியதும் அது இப்படி ஆனது: "வெள்ளம் வந்தது. ஓர் உயிர் போனது."

வீடு இறங்கிய மறுநாள் காலை குடிதண்ணீர் லாரி வந்தது. லாரிக்காரர் வழக்கம்போல் பட்டியலைப் பார்த்து, "பதினேழு! ரெண்டு ஆள்! எட்டுக் குடம்!" என்று கூவினார்.

மங்கையர்க்கரசி நாலு குடத்தோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது.

"ஒரு ஆள்தான்" என்றார். "நாலு குடம் போதும்."

லாரிக்காரர் எங்களைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துத் திருத்தினார். நாலு குடம் நிறைந்ததும் குழாயை மூடினார். மீதி, சபாபதியின் பங்கு நாலு குடத் தண்ணீர் டாங்கிலேயே தங்கிவிட்டது. லாரி ஏரிக்கரைப் பக்கம் திரும்பக் கிளம்பியபோது அது உள்ளே தளும்பும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்களில் ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டோடு, லாரியின் பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். ஞானசிகாமணி எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும் வந்து, வழக்கப்படி அங்கேயே நின்றுகொண்டார்கள். லாரிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஏனோ வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

மங்கையர்க்கரசி தெருமுனைக்கு வரவில்லை. தன் வாசலிலேயே நின்று, லாரி திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலு குடத்தில் ஒன்றைத் தூக்கிச் சாய்த்து, சவம் எடுத்துப் போன வீட்டில் செய்வதுபோல், வாசலைக் கழுவிவிட்டார்.